எத்தனாவது என்று கேட்டீர்கள்

நங்கையா, பீரோவின் அடித்தட்டைத் துடைத்தபோது உள்ளங்கை அளவில் ஒரு துணிப்பை கிடைத்தது. அறுவைக்குப் பிறகு உங்கள் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள நான் தைத்தது. முதலில் இலவம்பஞ்சு அடைத்தேன்; கனமில்லாமல் மேலே மேலே ஏறிக்கொண்டது. பிறகு ராகியைப் போட்டுத் தைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "மழையில நனைஞ்சா மொளச்சுப்போடும் அம்மணி" என்றீர்கள். சிரித்தது நீங்கள்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அக்கா நீங்கள். துடியலூரிலிருந்து எங்கள் சிங்காநல்லூர் வீட்டுக்கு வந்தால் நேராகச் சமையற்கட்டுக்குத்தான் வருவீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அப்படி வந்து, அரிசி களைந்துகொண்டிருந்த என்னிடம் மட்டும், இடது மார்பில் ஒரு கட்டி என்றீர்கள். நெல்லிக்காய் அளவு இருந்தது. வலிக்கவில்லை, அதனால் ஐந்து மாதமாக யாரிடமும் சொல்லவில்லையாம்.

ஊசி குத்தி எடுத்துப் பார்த்த சோதனையில் புற்று என்றே வந்தது. அதன் பிறகு நெஞ்சுக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன், எலும்புக்கு ஒரு படம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாம் எல்லோரும் அதைத் தப்பாகவே எடுத்துக்கொண்டோம். நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னால் நெஞ்சுக்குப் போய்விட்டது, வயிற்றைப் பார்க்கச் சொன்னால் வயிற்றுக்கும் போய்விட்டது என்று. எல்லாம் முடிந்து இரண்டாவது ஸ்டேஜ் என்றதும், "நாலுல ரெண்டுன்னா பாதி போயிருச்சு. மீதிய எதுக்கு அறுத்துக்கிட்டு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். புரியாததை எழுதி வைத்துக் கேட்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அந்த எண் மிச்சமிருக்கிற நாளின் கணக்கு இல்லையாம். கட்டி எவ்வளவு பெரிது, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா, உடம்பில் வேறெங்காவது போயிருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்து நோய் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று சொல்வதாம். போய்விட்டது என்பதற்காக அல்ல, போயிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அத்தனை படமும். உங்களுக்கு அக்குளில் நெறி இருந்தது. நெஞ்சு, ஈரல், எலும்பு எல்லாம் சுத்தம். "இப்ப எடுத்தா பலன் இருக்குங்க. தள்ளிப் போட்டா அது நமக்காகக் காத்துட்டு நிக்காதுங்க" என்றார்.

எழுதி வந்ததை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாமிகிட்டப் பூக் கேக்கலாம். வெள்ளை வந்தா ஆஸ்பத்திரி, செவப்பு வந்தா ஊடு" என்றீர்கள். அதற்கு மேல் யார் பேச முடியும்? வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வெளியே வித்தியாசம் தெரியாதபடி கட்டித் தரும் வேலை எனக்கு வந்தது. விளக்கேற்றாமல் ஒரு வெள்ளிக்கிழமையைக் கழித்தவள் இல்லை நான். இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினேன். செய்ததைக் குலசாமியின் முன்னால் நின்று அவரிடமே சொன்னேன். தண்டனை எனக்குத்தான், அவங்களுக்கு வேண்டாம் என்றும் சொன்னேன். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். அடுத்த வாரம் உங்களுக்கு அறுவை நடந்தது.

ஆறு வருடம் நன்றாக இருந்தீர்கள். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தீர்கள். பிறகு முதுகுவலி வந்து படம் எடுத்தபோது, முதுகெலும்பில் அது தெரிந்தது. டாக்டரம்மா என்னிடம் விளக்கிச் சொல்லிக் கொடுத்த ரிப்போர்ட் என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இப்ப எத்தனாவது அம்மணி?" என்று கேட்டீர்கள். ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"இன்னொரு பொட்டணத்தையும் அன்னிக்கே பிரிச்சுப் பாத்துப்போட்டேன் கண்ணு. பூசாரி திருநீறு எடுக்க உள்ள போனப்ப. சாமி சொல்லி நான் ஆஸ்பத்திரிக்குப் போகுல. உனக்கே இத்தன துணிச்சல் வந்துருச்சேன்னுதான் போனேன். இப்ப நெசத்தச் சொல்லு."

"நாலுங்க, நங்கையா" என்றேன்.

தலையாட்டினீர்கள். உங்கள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டீர்கள்.

அம்மாவுக்கு இருந்தால் மகளும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நீங்கள் போன பிறகு வருடந்தோறும் உங்கள் மகளை நான்தான் கூட்டிப்போகிறேன். போன மாதமும் போனோம். கவரைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டி, "நல்லதோ கெட்டதோ, இருக்கறத அப்படியே படிங்க அத்தை" என்றாள். இத்தனை வருடத்தில் எழுத்துக்கூட்டிப் பழகிய இங்கிலீஷில் முதல் வரியிலிருந்து படித்தேன். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை என்று முடிந்திருந்தது. நிசமாகவா என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அந்த நம்பிக்கை பொய்க்காமல் இருப்பதுதான், நங்கையா, உங்கள் பேரில் நான் இன்னும் விடாமல் இருக்கிற விரதம்.