முனக மறுத்தது

அன்பு மனைவிக்கு,

உன் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் சுகம். மனம்தான் இரண்டு நாளாகக் குமட்டுகிறது. பயப்படாதே, சிரிப்பான விஷயம்தான்.

எங்கள் சுங்கத் தரகர் அலுவலகத்துக்கு ஒரு பணக்காரரின் சாய்வு நாற்காலி கப்பலில் வந்தது. வீட்டுச் சாமான் என்றால் வரி அதிகம், மருத்துவமனைச் சாமான் என்றால் குறைவு. முதலாளி நோயாளி நாற்காலி என்றே பதிந்துவிட்டார். பூனையைக் காட்டி மாடு என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கொம்பு எங்கே என்று கேட்கும். இதற்கோ சிங்கத்தலைக் கைப்பிடி, மதுக்கோப்பை வைக்கக் குழி!

அதிகாரி பார்க்க வருகிறார் என்றதும் முதலாளி, "வாத்தியாரே, உங்களுக்குத்தான் வயசாயிடுச்சே. இதுல படுத்துக் கொஞ்சம் முனகுங்க," என்றார்.

"எனக்கு வராதுங்க," என்றேன்.

உடனே தன் மச்சானைப் படுக்கவைத்தார். அவன் முனகலில் கிடங்கே அதிர்ந்தது. தாள்களோடு நின்ற என்னிடம் அதிகாரி கேட்டார்: "இவருக்கு என்ன உடம்புக்கு?"

"குத்துக்கல்லாட்டம் இருக்காருங்க. இது வீட்டு நாற்காலி."

"உண்ட வீட்டுக்கே ரெண்டகமா?" என்று முதலாளி பல்லைக் கடித்தார். அந்த நாற்காலியைத் தொட்ட கையை இன்னும் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது மதியம் என் எதிரே யாரும் சாப்பிட உட்காருவதில்லை. காற்றோட்டமாக இருக்கிறது.

முழங்கால் தைலம் அனுப்பினால் சின்னப் புட்டியே போதும். பெரியது தீரும்வரை என்னை இங்கே வைத்திருப்பார்களா, தெரியவில்லை.

தபால் பெட்டி திறக்கும் நேரம், ஓடுகிறேன்.

உன்
வாத்தியார்