என் கொட்டகைக்கு வந்த உன் நாலு இஞ்சு பைப்

உன் பைப்பில் மிச்சமிருந்த ஒரு துண்டை இன்று காலை அறுத்தேன். அறுத்ததும் அதன் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். உள்ளே தேக்குத்தூள் வாசம், அதற்கு அடியில் கொஞ்சம் சேற்று வாசம். விழிதியூரில் உன் வயலுக்குத் தண்ணீர் ஓடிய பைப் அல்லவா. வயலை மனைக்கட்டாக விற்றபோது பைப்பை மட்டும் பிடுங்கிவந்து உன் பட்டறையில் ஏற்றினாய். இப்போது அது கோட்டுச்சேரியில் என் கொட்டகையில் ஓடுகிறது. உன் பொருள் என் வீட்டுக்கு வந்தும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

மின்துறையில் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள் நாம். ஓய்வுக்குப் பிறகு இரண்டு பேரையும் மரவேலைக் கிறுக்கு பிடித்தது. முக்காலி, சாமி அலமாரி, பேரப்பிள்ளைக்கு நடைவண்டி என்று எதையாவது செய்துகொண்டிருந்தோம். ஒற்றுமை அத்தோடு சரி. மற்றபடி எல்லாம் உன் மடியில் வந்து விழும், என் மடியில் விழாது. பிரான்சில் இருக்கும் உன் அத்தை மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் உனக்கு உளி வரும். என் சொந்தத்தில் கப்பல் ஏறினவர் யாரும் இல்லை.

மாங்கனித் திருவிழாவை எடுத்துக்கொள். சாமி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். நான் எம்பி எம்பிக் குதித்து, சட்டைப் பை கிழிந்து, வெறுங்கையோடு நிற்பேன். நீ யாரிடமோ பேசிக்கொண்டு சும்மா நிற்பாய், பழம் தானாக வந்து உன் கையில் இறங்கும். "இந்தா மாப்ள, வீட்டுக்குக் கொண்டு போ" என்று என்னிடம் நீட்டுவாய். அதை வாங்குவதற்குச் செருப்படி வாங்கலாம் என்று இருக்கும். வாங்கிக்கொண்டுதான் போவேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் பட்டறையைத்தான் பொறுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரிக்கு இழுப்பு இருப்பது உனக்குத் தெரியும். நான் ரம்ப மெஷினைப் போட்டால் போதும், கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். என் கொட்டகை வாசலை மிதித்தது கிடையாது. அப்படிப்பட்டவள் ஒருநாள் என்னோடு உன் வீட்டுக்கு வந்தாள். நீ பலகை அறுத்துக்கொண்டிருந்தாய். அவள் பாட்டுக்கு உன் பட்டறைக்குள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, உன் மனைவியோடு சேர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஒரு தும்மல் இல்லை. கீரைமேல் ஒரு பொட்டுத் தூள் இல்லை. திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்த அண்ணன் பட்டறையில பாய் போட்டுப் படுக்கலாம் போலருக்குங்க" என்றாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு டாக்டரும் சொல்லிவிட்டார், தூசி போக வேண்டும் அல்லது பட்டறை போக வேண்டும் என்று. தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்றை எப்படியோ வாங்கிப் போட்டேன். காற்றாடியும் பையும் வந்துவிட்டன. ஒவ்வொரு மெஷினிலிருந்தும் தூசியை அதுவரை கொண்டுபோகும் பைப்தான் பாக்கி. எந்தப் பைப் என்பதில்தான் மண்டை காய்ந்தது. நான் கேட்காமலே நீ வந்தாய். கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தாய்.

"ஏசிக்காரன் போடுற தகரக் கொழாய் அழகுதான் மாப்ள, நம்ம பென்ஷனுக்குத் தாங்காது. சுருள் ஓஸு மலிவு, ஆனா உள்ள வரிவரியா இருக்கும், காத்து தடுக்கித் தடுக்கி சோந்துரும். மெஷினுக்குப் பக்கத்துல ஒரு முழம் போட்டுக்க, போதும். மிச்சத்துக்கு வயக்காட்டு பைப்பப் போடு. மெல்லிசே போதும், தண்ணி அழுத்தமா வரப்போவுது? நாலு இஞ்சுக்குக் கீழ எறங்காத. திரும்புற எடத்துல ஒரேயடியா மடக்காத, ரெண்டு சின்ன பெண்டா போட்டு வளைச்சு விடு."

அத்தனையும் சரி என்று அப்போதே தெரிந்தது. தெரிந்ததால்தான் செய்யவில்லை. உன் யோசனையில் என் பட்டறை சுத்தமானால் அதுவும் உன் பட்டறைதானே. நான் என் மூளையைப் போட்டேன். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு போகிறதே, பைப்பை ஒடுக்கினால் காற்றும் அப்படித்தான் சீறும் என்று கணக்குப் போட்டேன். வாய்க்கால் கரையில் பிறந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் தண்ணீர்தான். வாங்கியதெல்லாம் இரண்டு இஞ்சு. மூலைக்கு மூலை முழங்கை மாதிரி எல்போ. எட்டாத இடத்திலெல்லாம் சுருள் ஓஸ். மலிவிலும் மலிவாக முடித்துவிட்டேன் என்று உனக்குப் போன் வேறு செய்தேன்.

நீ வந்து பார்த்தாய். மெஷினைப் போட்டேன். பை பாதிகூட உப்பவில்லை. இழைத்த சீவல் முதல் எல்போவிலேயே உட்கார்ந்துகொண்டது, தூள் முழுக்க நம் தலையில் இறங்கியது. நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாய்.

"கம்பி மெலிஞ்சா கரண்டு தெணறும்னு தெரிஞ்ச ஆளுதானே நீ. காத்துக்கு மட்டும் வேற சட்டமா?"

முப்பது வருஷத்துக்கு மேல் கம்பத்தில் ஏறினவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? உன்னை அங்கேயே கொட்டகைக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன். மோர் கொடுத்து அனுப்பினேன்.

அந்த வாரமே அவளுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. மகள் வந்து மயிலாடுதுறைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது என் வீட்டுக்காரி சண்டை எதுவும் போடவில்லை. "அந்தக் கொட்டகைய இழுத்துப் பூட்டுனீங்கன்னா போன் பண்ணுங்க, வர்றேன்" என்றாள், அவ்வளவுதான். நான் பூட்டினேன். போன் செய்யவில்லை. பூட்டைத் திறந்து உன்னிடம் வந்து பைப்புக்கு வழி கேட்பதா, மெஷின்களை விற்பதா என்று திண்டாடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வருவது என்று ஒருவழியாக மனசைத் தேற்றிக்கொண்டேன். நீ அதற்கு முன்னாலேயே ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நல்ல சாவு, நல்ல சாவு என்றார்கள். அதுவும் உனக்குத்தான் வாய்த்தது.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து உன் மனைவி போன் செய்தார். "அண்ணே, மெஷினெல்லாம் மருமகன் எடுத்துக்கிறாரு. பைப்பை என்ன பண்றதுன்னு தெரியல. நீங்க எடுத்துக்கிட்டா தேவலாம்." லோடு ஆட்டோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ ஒவ்வொரு மெஷினுக்கும் பைப்பில் ஒரு பலகைக் கதவு வைத்திருந்தாயே, மடை என்பாய். ஒரு மடையைத் திறந்தால் மற்றதை அடைக்க வேண்டும், வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி. அந்த மடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றக் கழற்ற எனக்கு ஒன்று இடித்தது. பைப்புக்கு மேலே விட்டத்தில் விரல் கனத்துக்குத் தூசி. ரம்ப மெஷின் இருந்த இடத்துக்குப் பின்னால், சுவரோரம், ஒரு முறம் அள்ளலாம் போல மரத்தூள்.

"என்னம்மா இது, இவ்வளவு தூசி?" என்றேன்.

"ஆமாண்ணே. எதப் போட்டாலும் முழுசா உறிஞ்சாதாம். முக்காவாசி போவும், மிச்சம் நின்னுரும்பாரு."

"நான் வரப்பல்லாம் கண்ணாடியா இருக்குமே."

உன் மனைவிக்குத் துக்க வீட்டிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "நீங்க வர்றேன்னு போன் வந்தாப் போதும்ணே, வெளக்கமாத்த எடுத்துருவாரு. என்னயக் கூட கிட்ட சேக்க மாட்டாரு. கூட்டி, ஈரத்துணியால தொடச்சு, சட்டைய மாத்திக்கிட்டு, அப்பறம் ஒரு பலகைய எடுத்து அறுக்க ஆரம்பிப்பாரு. நீங்க சுத்திச் சுத்திப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போவீங்கள்ல, அன்னிக்கி அவருக்கு ரெண்டு புடி சோறு கூட எறங்கும்."

அடப்பாவி. எனக்குச் சோறு இறங்காத ராத்திரிகளில் உனக்கு அங்கே இரண்டு பிடி கூடுதலாக இறங்கியிருக்கிறது. லோடு ஆட்டோவில் உன் பைப்போடு வரும்போது வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். கோட்டுச்சேரி வருவதற்குள் திட்டு தீர்ந்து அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷன் என் பொறாமைக்காக முட்டி வலியோடு குனிந்து கூட்டியிருக்கிறான். எனக்காக வேறு யார் அவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள்?

நீ சொன்ன மாதிரியேதான் மாட்டினேன். நாலு இஞ்சு. வளைவுக்கு இரண்டு சின்ன பெண்டு. சுருள் ஓஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முழம். மெஷினுக்கு ஒரு மடை. விசையைத் தட்டியதும் பை திம்மென்று உப்பியது. மயிலாடுதுறைக்குப் போன் செய்து, "பூட்டல, திறந்துதான் வச்சிருக்கேன், வந்து பாரு" என்றேன். மறுநாளே வந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. நான் ஒரு பலகையை அறுத்தேன். தும்மல் இல்லை. "அந்த அண்ணன் பட்டறை மாதிரியே ஆயிடுச்சுங்க" என்றாள். இப்போதும் உன் பட்டறைதான் கணக்கு.

விளக்கமாற்று விஷயத்தை அவளிடம் சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. ஒரே வார்த்தையில் உன் மானத்தை வாங்கியிருக்கலாம். சொல்லவில்லை, இனிச் சொல்லவும் மாட்டேன். அவள் முறத்தை எடுக்கிற சத்தம் கேட்டால் நானும் இப்போது முன்னாலேயே ஒரு தடவை கூட்டி, ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். கொட்டகை கண்ணாடி மாதிரி இருக்கிறது. நீ வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போக வேண்டும். அது ஒன்றுதான் குறை.