மூலையில் காணாமல் போன வளைவு

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் உடம்பு எப்படி? அங்கே ஆஸ்பத்திரிக்குப் புதிய இரும்புக் கை வரும் பெட்டிக்குள்ளேயே இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்துதான் பார்க்க வேண்டும் என்று பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

நீங்கள் அங்கே பூட்டியிருக்கும், நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கும் அந்தப் பழைய கையைப் பற்றி மேலாளர் பாதிதான் சொல்லியிருப்பார். அதைப் போலவே செய்த இன்னொன்றில் இங்கே சோதனைக்கு எடை தொங்கவிட்டபோது, அதன் தாங்கியில் அடித்தட்டும் நிமிர்ந்த சுவரும் சேரும் மூலையில் முடி போல ஒரு விரிசல் ஓடியது. அதைக் கணினியில் மாடல் செய்தவள் நானல்லவா? ஸ்கெட்ச் போட்டுத் தட்டுக்குக் கனம் கொடுத்து, அதன்மேல் சுவரை எழுப்பி, துளை போட்டு, கடைசியில் அந்த மூலையை உருட்டிவிடும் ஃபில்லெட் வளைவு கொடுத்தேன். மூலை கூர்மையாக இருந்தால் சுமையெல்லாம் அங்கேதான் போய்க் குத்தும். இப்போது அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் மற்ற படிகள் அப்படியே இருக்கின்றன. வளைவை மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

சந்தேகம் நேராகக் கண்ணாடிக்காரர்மேல் போனது. பக்கத்து மேசைக்காரர், நான் எதைச் செய்தாலும் நொட்டை சொல்பவர். மேலாளரிடம் சொன்னேன். விசாரணை முடியும்வரை அவரை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நான் எடுக்கலம்மா. எடுத்தவங்க எதுக்கு எடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். என்னமாய் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு வளைவைத் திரும்பக் கொடுத்து, போல்ட்டையும் வாஷரையும் மாடலில் சேர்த்தேன். வாஷர் வளைவின்மேல் ஏறிச் சாய்ந்து நின்றது; வளைவை எடுத்தால்தான் சமமாக உட்காரும். கையால் பூட்டிப் பார்த்தவருக்குத்தான் அது தெரிந்திருக்கும். முதல் மாதிரியைப் பூட்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் அங்கே கிளம்புவதற்கு முந்தைய நாள், பிள்ளையின் படத்தை அச்சடிக்க வேண்டும் என்று என் கணினியில் உட்கார்ந்தீர்கள். படம் எங்கே என்றதற்கு பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றீர்கள். அன்று சாயங்காலம்வரை நான் அதில்தான் அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? முதல் ஸ்கெட்ச்சில் ஓர் அளவை மாற்றிச் சுவரைக் கொஞ்சம் பின்னே தள்ளினேன். வளைவும் கூடவே நகர்ந்தது, வாஷர் சமமாக உட்கார்ந்தது. அவ்வளவுதான் வேலை. சொன்னால் பயணம் தள்ளிப்போகும் என்று பயந்தீர்களா, என் வேலையில் குறை சொல்லத் தயங்கினீர்களா?

கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்படியானால் யார் என்று அவர் கேட்கவே இல்லை. அதுதான் சுடுகிறது. அவர் செய்யவில்லை என்று மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

எந்தக் கருவியிலும் முதலில் நீங்கள்தான் படுத்துப் பார்ப்பீர்கள். அந்தப் பழைய கையிலும் படுத்தீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமைக்குள் நீங்களே மேலாளரிடம் பேசிவிடுங்கள். என் வாயால் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். புதியதைப் பூட்டியதும் மணல் மூட்டையை வைத்துத் தூக்குங்கள். நீங்கள் படுக்க வேண்டாம். என்ன செய்திருந்தாலும், முழுசாக வீடு வந்து சேருங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
உங்களவள்