இரைச்சல் என்று நீ வெட்டியது

அன்பு மகளுக்கு,

நீயும் தம்பியும் சேர்ந்து செய்த ஆல்பத்தை ஆஸ்பத்திரி அறையில், அவன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு கேட்டேன். உன் மெதுவான ஹிப் ஹாப் தாளத்தின் மேல் அவனுடைய ஜாஸ் டிரம்பெட் துல்லியமாக ஒலித்தது.

கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "அக்கா என்னைச் சலவைக்குப் போட்டு எடுத்துட்டாப்பா. நான் மூச்சு இழுக்கிற சத்தத்தை இரைச்சல்னு வெட்டிட்டா."

நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை, சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுக்கும். அதைக் கேட்டதுமே எனக்குத் தெம்பு வந்துவிடும். தம்பி ஊதுவதற்கு முன் இழுக்கும் மூச்சும் எனக்கு அப்படித்தான்.

மறுபடி வாசிக்கச் சொல்லலாமே என்பாய். டாக்டர் சொன்னதை நேரில் சொல்கிறேன். தம்பி டிரம்பெட்டை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டான்.

வெட்டாத பதிவு உன்னிடம் இருக்கிறதா, கண்ணு? அழித்துவிடவில்லையே?

பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா