பாட்ஸ்வாவின் மடி இறங்கிய வாரம்

ஜூன் 14, சனி

ஜூன் குளிரில் வாளித் தண்ணீரின்மேல் மெல்லிசாகப் பனி உறைந்திருந்தது. விரலால் உடைத்துவிட்டு ஆட்டுப்பட்டிக்குள் போனேன். பாட்ஸ்வா வழக்கம்போல் முட்ட வரவில்லை, ஓரமாக நின்றாள். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருப்பதால் அந்தப் பெயர். பின்னால் குனிந்து பார்த்தேன். மடி இறங்க ஆரம்பித்திருக்கிறது! ஆனால் காம்பு இன்னும் விறைக்கவில்லை. நாளிருக்கிறது.

ஆடு என்னுடையதில்லை, என் சின்ன வயசுத் தோழி செய்போனேயுடையது. மகனோடு காபொரோனேப் பட்டணத்துக்குக் குடிபோனபோது, பங்குக்கு வளர்க்கச் சொல்லி என்னிடம் வாரத்துக்கு விட்டுப் போனாள். பால் எனக்கு. முதல் ஈத்து அவளுக்கு, அடுத்த ஈத்து எனக்கு. போன வருஷத்துக் குட்டி அவளுக்குப் போய்விட்டது. இப்போது வயிற்றில் இருப்பது என் பங்கு. பள்ளிக்கூடத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் களி கிண்டியே வயதாகிவிட்டது, சொந்தமாக ஒரு ஆடு கிடையாது. இனிமேல் ஆட்டுக்காரி என்று என்னையும் சொல்வார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

ஒடிரிலே போன் செய்தான். செய்போனேயின் மகன். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன்.

"சித்தி, சனிக்கிழமை பிக்கப் எடுத்துக்கிட்டு வரேன். அம்மாவோட ஆட்டை ஏத்திடலாம். இங்க ஒருத்தர் கேக்கறாரு."

"சினையா இருக்குதுடா."

"அதனால என்ன, இங்க வந்து போடட்டும். அம்மா இனிமே அந்தப் பக்கம் எங்க வரப்போறாங்க?"

அடப்பாவி. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! எந்தப் பட்டியில் குட்டி விழுகிறதோ அங்கேதான் பங்கு. வயிற்றோடு வண்டியேறினால் எனக்கு ஒன்றுமில்லை. இது அவனுக்கும் தெரியும்.

குட்டி போனால் போகட்டும். ஆடு போய்விட்டால் செய்போனே எதற்கு வருவாள்? என் ஆட்டைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லித்தான் வருஷத்துக்கு ஒருமுறை பஸ் ஏறினாள். உன்னைப் பார்க்க வருகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, திமிர் பிடித்தவள்.

ஜூன் 18, புதன்

பாட்ஸ்வாவின் வாலடி நரம்பு இன்னும் கெட்டியாகவே இருக்கிறது; ஈனும் நாளில்தான் அது இளகும். இளகேன், சனியனே!

ஜூன் 19, வியாழன்

பள்ளிக்கூடத்தில் களி அடிப்பிடித்துவிட்டது. கிண்டிக்கொண்டே எங்கேயோ போய்விட்டேன்.

சின்ன வயசுக் காட்டுக் கொல்லைக்குத்தான் போனேன். சோளம் முற்றும் காலத்தில் நானும் செய்போனேயும் குருவி விரட்டுவோம். ஆளுக்கொரு தகர டப்பா. குருவிகளைத் திட்டுவதற்கென்றே பாட்டுக் கட்டுவாள். அதில் வருகிற குருவிகளுக்கெல்லாம் எங்கள் ஊர் ஆம்பிளைகளின் பெயர்! கொல்லையின் அந்தப் பக்கம் இருந்து அவள் ஒரு அடி பாட, நான் இந்தப் பக்கம் இருந்து மறு அடி. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். குருவி அதுபாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்.

ஒருதரம் அவள் அப்பாவின் ஆடு ஒன்று தரையைக் காலால் பறித்துக்கொண்டே இருந்தது. இன்றைக்கே ஈன்றுவிடும் என்று அவள், நாளைக்குத்தான் என்று நான். தோற்றவள் தண்ணீர் சுமக்க வேண்டும். பகல் முழுக்கக் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தோம். களி தின்னப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு குட்டி. நான்தான் சுமந்தேன். அவளும் கூடவே வந்தாள், வழியெல்லாம் கேலி செய்தபடி.

அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று?

ஜூன் 20, வெள்ளி

காம்பு விறைத்து மினுங்குகிறது. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறது, வயிறு கீழே இறங்கிவிட்டது. ஆனால் இரை எடுக்கிறாள், அசைபோடுகிறாள். அசைபோடுகிற ஆடு எங்கே ஈனப்போகிறது? பொழுதும் சாய்ந்துவிட்டது. நாளைக்கு வண்டி.

கடவுளிடம் ஆட்டுக்காகவெல்லாம் வேண்டலாமா? வேண்டிவிட்டேன்.

ஜூன் 21, சனி

எப்படி எழுதுவது?

காலையில் வாலடியைத் தொட்டேன். இரண்டு பக்கமும் கயிறு மாதிரி ஓடும் நரம்பைக் காணோம்! விரல் பொதக்கென்று உள்ளே போனது. தின்னச் சோளத்தட்டை வைத்தேன், முகர்ந்தும் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான். ஆனால் எப்போது? அதற்குள் வாசலில் ஹாரன்.

ஒடிரிலேயோடு செய்போனேயும் வந்து இறங்கினாள். பாதியாகிவிட்டாள்.

"கன்னமெல்லாம் எங்கடி போச்சு?" என்றேன்.

"காபொரோனேல வித்துட்டேன்," என்றாள்.

பேச்சை அதோடு விட்டுவிட்டு நேராகப் பட்டிக்குப் போனாள். பாட்ஸ்வாவின் வாலடியில் இரண்டு விரலை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கெஞ்சவா முடியும் அவளிடம்?

"ஒடிரிலே, எனக்குப் பசிக்குது. நாட்டுக்கோழி திங்காம இந்த ஊரை விட்டு நகர மாட்டேன்."

"அம்மா, இருட்டினா ரோட்டுல மாடு நிக்கும்."

"மாடு நிக்கட்டும், அதுக்கு நிக்க வேற எடம் ஏது. காலே, கோழியப் பிடிடி!"

பேர் சொல்லி என்னை அதட்ட அவளை விட்டால் யார்? பிடித்தேன். என் நல்ல முட்டைக்கோழி. போகட்டும்.

பாட்ஸ்வா தரையைப் பறித்தாள், படுத்தாள், எழுந்தாள். தலையைத் திருப்பி விலாவைப் பார்த்துச் சன்னக் குரலில் பேச ஆரம்பித்தாள். வயிற்றுக் குட்டியோடு பேசும் அந்தக் குரலைக் கேட்டாலே எங்களுக்கெல்லாம் தெரியும். பட்டணத்தில் வளர்ந்த ஒடிரிலேக்குத் தெரியுமா?

"ஏன் சித்தி இப்பிடி முனகுது? சீக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செய்போனே, "ஊரை விட்டுப் போற துக்கம்டா. உனக்கெங்க தெரியும்," என்றாள். அவனும் நம்பிவிட்டான்.

கோழி வெந்துகொண்டே இருந்தது. குழம்பு கொதிக்கும்போதெல்லாம் செய்போனே பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். "இன்னும் வேகல, தோல் மாதிரி இருக்கு." பிறகு தின்றாள், ஒவ்வோர் எலும்பாகச் சப்பி. பிறகு டீ. பிறகு சர்க்கரை போதவில்லை என்று இன்னொரு டீ. நான் சால்வை நுனியைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அழுகையையும்தான்.

கடைசியில் பையன் பொறுமையிழந்து கயிற்றை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனான். போன வேகத்தில் கத்தினான்.

"சித்தி! ஐயோ, ஓடி வாங்க! என்னமோ தொங்குது!"

நீர்க்குடம். ஓடினோம். இரண்டு குளம்பு தெரிந்தது, மேலே மூக்கு. பாட்ஸ்வா ஒரு முக்கு முக்கினாள், இன்னொன்று, அவ்வளவுதான். ஈரமாக வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பெட்டைக்குட்டி. செய்போனே தன் பட்டணத்துச் சால்வையாலேயே அதன் மூக்கைத் துடைத்தாள். குட்டி தும்மியது. நான் அழுதே விட்டேன்.

ஒடிரிலே தாயை முறைத்தான். "உங்களுக்கு அப்பவே தெரியும்ல?"

"எனக்கா? கண்ணே சரியாத் தெரியறதில்லையேடா."

"சரி, ரெண்டையும் ஏத்தலாம்."

"குட்டி காலேயோடது. பால் மறக்கறவரைக்கும் தாயைப் பிரிக்கக் கூடாது."

"அப்போ நீங்களாவது வண்டில ஏறுங்க."

"என் ஆடு இங்க நிக்குது, நான் அங்க வந்து என்ன பண்ண? என்னையும் இவகிட்டயே வாரத்துக்கு விட்டுட்டுப் போ. குட்டி பால் மறந்ததும் சொல்லி அனுப்பறா, ரெண்டு பேரையும் வந்து ஏத்திக்க."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு சிரித்துவிட்டான். வண்டியில் தாய்க்காகக் கொண்டுவந்திருந்த கம்பளியை எடுத்து என் கையில் கொடுத்தான். "ராத்திரி அவங்களுக்குக் கால் குளிரும், சித்தி," என்றான். இருட்டுவதற்குள் போய்விட்டான்.

ஜூன் 22, ஞாயிறு

என்ன குறட்டை! அம்மாடி, என்ன குறட்டை! இத்தனை நன்றாக நான் தூங்கி எவ்வளவு காலமாகிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது, மழையைக் காணோம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒடிரிலே போன் செய்தான். அம்மா மாத்திரை போடுகிறாளா, நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டான். நன்றாக என்றால், என் பங்கையும் சேர்த்தே சாப்பிடுகிறாள் என்றேன்.

"சரி சித்தி, குட்டி பால் மறந்துடுச்சா?"

செய்போனே பொறுக்குவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். குட்டி பக்கத்து வீட்டு வேலிக்குள் கழுத்தை விட்டுக் கீரைப் பாத்தியைக் காலி செய்துகொண்டிருந்தது. பாட்ஸ்வாவின் மடி வற்றி வெகுநாளாகிவிட்டது.

"எங்கப்பா," என்றேன். "இன்னும் குடிச்சிக்கிட்டுதான் இருக்கு."