கிணற்றடியில் கழுவிய சவரக்கத்தி

அப்பா,

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோவிக்க வேண்டாம். பிள்ளை இப்போதுதான் பால் குடித்துக் கண்ணயர்ந்தான். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் என் விரல்களில் கறளின் இரும்பு மணம் போகவில்லை.

உங்கள் சவரக்கத்தி அலுமாரியின் அடித்தட்டில், பழைய கண்ணாடிக்கூட்டுக்குள் கிடந்தது. மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கியது என்பீர்கள். நீங்கள் போன இந்த இரண்டு வருடத்தில் அலகு முழுவதும் கறள். பேரனுக்கு முப்பத்தோராம் நாள் மொட்டை வழிக்க அதுதான் வேண்டுமென்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். "அவருக்குத்தான் தூக்கக் குடுத்துவைக்கேல்லை. அவற்ர கத்தியாவது பிள்ளையைத் தொடட்டும்."

மூன்று நாள் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் மணல்தாளால் தேய்த்தேன். அலகில் முகம் தெரியத் தொடங்கியதும் அம்மா அதை வாங்கி உங்கள் படத்துக்குக் காட்டினார். கனநாளுக்குப் பிறகு சிரித்தார். அந்தச் சந்தோசத்தில், எண்ணெய் போகட்டும் என்று கிணற்றடியில் கழுவி, ஈரத்தோடு கல்லிலேயே வைத்துவிட்டேன். விடிய எடுத்தால் அலகின் வாய் ஓரமெல்லாம் கறள் செம்மஞ்சளாய்ப் பூத்திருந்தது.

எங்கள் கிணறு உப்பு. இந்தத் தீவில் பிறந்த எனக்கு அது மறந்துபோனது. நீங்கள் பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீரில்தான் கத்தியைக் கழுவுவீர்கள். "குடிக்கிற தண்ணியில தாடி வழிக்கிற துரையைப் பாருங்கோ!" என்று அம்மா கத்துவார். "கத்திக்கும் விடாய்க்கும் எல்லோ," என்று நீங்கள் நுரைக்குள்ளால் சிரிப்பீர்கள்.

அம்மா எழும்புமுன் மறுபடி தேய்த்தேன். அலகு மினுங்குகிறது. ஆனால் பஞ்சில் இழுத்தால் நார் சிக்குகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் சலூன்காரரிடம் காட்டினேன்.

"வாயில குழி விழுந்திட்டுது அக்கா. பச்சைப்பிள்ளைத் தோலுக்கு ஏலாது. நான் புது பிளேட் கொண்டுவாறன்."

அம்மாவிடம் மெல்லப் புது பிளேட் பேச்சை எடுத்தேன். "இவ்வளவு காலமும் அவர் இதால வழிச்சவர். ஒரு நாள் சீழ் பிடிச்சதோ?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை பிளாஸ்டிக் ரேசரால் நான்தான் உங்களுக்கு வழித்தேன். கன்னத்தில் கீறிவிட்டது. இரத்தத்தைப் பார்த்து நான் அழ, "கோழி உரிக்கிற சாமானை வைச்சு நீ என்ன செய்வாய் பிள்ளை," என்றீர்கள். அந்தக் கீறல் ஆறுமுன்பே போய்விட்டீர்கள். கீறிய அந்த உணர்வு இன்னும் என் கையில் இருக்கிறது.

நாளை மறுநாள் காலை சலூன்காரர் வருவார். கத்தியைப் பழுதாக்கியது நான்தான் என்று சொன்னால் அம்மா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அந்தக் கத்தியையே கொண்டுவந்து சலூன்காரர் கையில் கொடுப்பார்; அவர் மறுத்தாலும் அம்மா விடமாட்டார். இடக்கையைப் பிள்ளையின் உச்சியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உள்ளங்கைக்குக் கீழே மெத்தென்று துடிக்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அப்பா.

கனவிலென்றாலும் சரி, கெதியாய்ப் பதில் தாருங்கள்.