கேம் எழுதியவள் எடுத்த படம்

இன்று சாயங்காலம் ஆவடி ஸ்டேஷன் வாசலில் மசால்வடை வாங்கினேன். எண்ணெய் ஊறிய காகிதத்தில் ஒரு செய்தித் தலைப்பு: 'வீடியோ கேம் செய்கிறவர்களுக்குப் படம் எடுக்க வருமா?' மீதிச் செய்தி கிழிந்து, வேறு யாருடைய வடையோடோ போய்விட்டிருந்தது. அங்கேயே நின்று சிரித்தேன். வடையில் ஏதோ குறை என்று கடைக்காரர் பயந்துவிட்டார். இதற்குப் பதில் தெரிந்த ஒருத்தி பட்டாபிராமில் இருந்தாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. இருந்தாலும் உன்னிடமே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் பாத்திரக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் பாடம் நடத்தினோம். நான் சேக்காட்டிலிருந்து சைக்கிளில் வருவேன். நீ ரயிலில். அந்த ரயிலை நீ பாதி நாள் தவறவிடுவாய். அந்தக் கோபத்தில்தான் ஒரு கேம் எழுதினாய். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகளால் ஆன ஒரு பெண். எருமைக்கு விலகி, பூக்காரம்மாவின் கூடையில் இடிக்காமல், ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்டி அவள் ரயிலைப் பிடிக்க வேண்டும். எருமை முட்டினால் திரும்ப முதலிலிருந்து. வகுப்பு முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள்.

பக்கத்து அறையில் கல்யாண வீடியோ எடுக்கும் மோகன் அண்ணன் ஒருநாள் வந்து ஆடினார். மூன்று முறை எருமையிடம் முட்டு வாங்கிவிட்டு எழுந்தார்.

"சோக்கா கீதும்மா. ஆனா இது வெளையாட்டு. கதைன்றது வேற. கேம் போடறவங்களுக்குக் கதை வராது. கதைன்னா ஜனம் அழுவணும்."

நீ அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உங்க கேமராவக் குடுங்கண்ணே. அழ வச்சுக் காட்றேன்" என்றாய். அதோடு நின்றாயா? மாதா கோயில் திருவிழாவில் உன் படத்தைக் காட்டப்போவதாகப் பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டு வந்தாய். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "இல்லன்னா பயந்து பின்வாங்கிடுவேன்டி" என்றாய்.

ஓடுகிற பெண் நான்தான். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பட்டாபிராம் கேட்டைத் தாண்டித் திரும்பத் திரும்ப ஓடினேன். கேட்காரர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஓடறே, திரும்பி வரே, மறுபடி ஓடறே? ஊட்ல எதுனா சண்டையா?" என்று கேட்டார். கேமராவுக்குப் பின்னால் நீ சிரித்த சிரிப்பில் அந்தக் காட்சி முழுக்க ஆடிப்போனது.

எடுத்ததை மோகன் அண்ணன் அறையில் போட்டுப் பார்த்தோம். வகுப்பு ஆட்களும் வந்திருந்தார்கள். ஓட்டம், எருமை, மூடுகிற கேட், எல்லாம் கச்சிதம். முடிந்ததும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே நம்மிடம் படிக்க வந்த சாந்தி அக்காதான் முதலில் வாய் திறந்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா அவ எதுக்கு ஓடறா?"

"ரயிலப் பிடிக்கக்கா."

"அது தெரியுது. பிடிச்சு?"

நீ டேப்பை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாய். மோகன் அண்ணன் கேலி செய்யவில்லை. "அவ ஆத்தா செத்துட்டான்னு தந்தி வர்ற மாதிரி வச்சுடும்மா, ஜனம் அழுதுடும்" என்று உண்மையான அக்கறையோடு சொன்னார். நீ தலையாட்டி மறுத்தாய். அன்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்த ரயில்களை ஏறாமல் போகவிட்டாய். "எனக்குக் கதை வராதோடி?" என்றாய். அந்தக் குரலை அதற்குமுன் நான் உன்னிடம் கேட்டதே இல்லை. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சாந்தி அக்கா உன் கேமை ஆடிக்கொண்டிருந்தார். விரல் கீயைத் தட்டத் தட்ட வாய் முணுமுணுத்தது. "ஓடு, ஓடுடி... எம்பொண்ணு மேடை ஏறிடுவா..."

நீ சட்டென்று திரும்பினாய். "யாருக்கா மேடை ஏறுவா?"

அக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. "எம்பொண்ணுதாம்மா. ஸ்கூல்ல டான்ஸு. வேலை முடிஞ்சு நான் போறதுக்குள்ள முடிஞ்சுபூட்ச்சு. இத்த ஆடும்போதெல்லாம் அந்த நெனப்புதான்."

நீ என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போனாய். உன் முகம் மின்னியது. "கேம்ல ஆசைய நான் எழுதவே வேணாம்டி. ஆடறவங்களே கொண்டுவந்துடறாங்க. படத்துல சும்மா உக்காந்து பாக்கறவங்களுக்கு நாமதான் குடுக்கணும். அத விட்டுட்டேன்!"

அக்காவிடம் கேட்டு அந்தக் கதையையே எடுத்துக்கொண்டாய். அவருடைய மகளே நடிக்கவும் வந்தாள்; அம்மா வேஷம் எனக்கு. அம்மா நேரத்துக்குப் போய்ச் சேரட்டும் என்று நான் கெஞ்சினேன். "கேம்ல தோத்தா திரும்ப ஆடலாம். இவளுக்கு அது கெடையாது. லேட்டாதான் வருவா" என்று நீ பிடிவாதமாக நின்றாய். நாம் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

திருவிழா அன்று கோயில் மைதானத்தில் மேஜைமேல் டி.வி. வைத்துப் போட்டார்கள். எருமை வந்ததும் கூட்டம் கத்த ஆரம்பித்தது. "இந்தப் பக்கம் வாம்மா! மாடு வருது! கேட்டு மூடறான் பாரு!" எந்த நொடியில் கேட்டை மூடினால் ஜனம் எழுந்து நிற்கும் என்பது உனக்குத்தான் தெரியும். கேம் எழுதிய கை அது.

பிறகு, ரயிலை விட்டுவிட்ட அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜிகினா உடுப்போடு பெண் படியில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வாசலிலேயே நிற்கிறாள். பெண் அவளை ஒருமுறை பார்க்கிறாள். எழுந்து, மேடைக்குப் போய், பாட்டுக்கூட இல்லாமல், அம்மா ஒருத்திக்காக முதலிலிருந்து ஆடுகிறாள்.

சாந்தி அக்கா மகளை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தார். மோகன் அண்ணன் கர்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தூசும்மா, தூசு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "முகூர்த்த சீசன்ல எங்கூட எடிட்டிங் பண்ண வர்றியா?" என்றும் கேட்டுவிட்டார்.

அதற்குப் பிறகும் நீ ஒரு படம் எடுத்தாய். பேய்ப் படம். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட நீ அதிகம் சிரித்தாய். பிறகு கேமுக்கே திரும்பிவிட்டாய். "ஆடறவங்க கையில குடுத்துட்டு வேடிக்கை பாக்கறதுலதான்டி எனக்கு சுகம்." உன்னைப் பெரிய டைரக்டர் என்று யாரும் சொல்லவில்லை. நீயும் அதற்கு ஏங்கவில்லை.

போன மாதம் பட்டாபிராம் மார்க்கெட்டில் கீரை வாங்கும்போது ஒரு அம்மாள் என்னையே உற்றுப் பார்த்தார். தலை முழுக்க நரை.

"நீதானே அந்தக் கேட்டாண்ட ஓடினவ? திருவிழாவுல பார்த்தேனே!"

ஆமாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரயிலு உட்டுட்டு லேட்டா போனியே, பாவம். பாப்பா எப்டி கீது இப்போ?"

அது படம், எனக்குப் பெண்ணே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல மனசு வரவில்லை.

"நல்லா இருக்காம்மா. வேலைக்குப் போறா" என்றேன்.

இனிமேல் யார் விசாரித்தாலும் அவளைப் பற்றி நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.